அச்சம் என்னும் மெய்ப்பாடும் முகமூடிப் படங்களும்

ஆங்கிலத் திரைப்படங்களுள் ஒருவகை உண்டு. முகமூடி அணிந்த ஒருவன் இரவில் வருவான். கையிற் கத்தி இருக்கும். இளைஞரும் இளமங்கையரும் ஒருவர்பின் ஒருவராக மாள்வர். இறுதியில் ஒருத்தி மாத்திரம் எஞ்சுவாள். இவ்வளவே கதை. இதனைப் படமாக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பேர்பெற்ற நடிகர் வேண்டியதில்லை. ஒரு வீடும் ஓர் இரவும் ஒரு முகமூடியும் போதும். ஆதலால் இவ்வகைப் படங்கள் மாரிகாலத்துத் தவளைகள்போற் பெருகிவிட்டன. இவற்றைக் காணப் படமாளிகைக்குச் செல்லவேண்டும் என்பதுமில்லை, கைப்பேசியே போதும்.

கண்டவர்கள் வாய் மூடியிருப்பதில்லை. உயர்தர வகுப்பு மாணவரிடமிருந்தும் இளம் ஆசிரியரிடமிருந்தும் இப்படங்களைப் பற்றிய தீர்ப்புகள் நாள்தோறும் என் காதில் விழுகின்றன. அவற்றுள் அடிக்கடி கேட்பது ஒன்று: "அவன் ஏன் கொல்றான் எண்டு கடைசி மட்டும் சொல்லல்லையே, சேர்." இவ்வொரு வாக்கியத்தைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளிவிடலாம். தள்ளிவிடலாகாது என்பதே என் கருத்து. பார்ப்போன் ஒரு படத்திற் காணும் குறை, பலவேளைகளில் அப்படத்தைப் பற்றியதன்று. அவனுடைய அச்சம் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பற்றியது. இதனைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

இவ்வகைக்கு வழிகாட்டிய படம் 'ஹலோவீன்'. ஜோன் காப்பென்ரர் இயக்கியது. 1978 ஒக்டோபர் 25 இல் அமெரிக்காவிலே திரைக்கு வந்தது. செலவு 3 இலட்சம் டொலருக்குச் சற்று மேல். அமெரிக்கக் கணக்கில் இஃது ஏழைப் படம். கதை நிகழ்வது இலையுதிர் காலம். படம் பிடித்ததோ கலிபோர்னியாவில் இளவேனிலில். ஆதலால் வண்ணம் பூசிய இலைகளைத் தெருவிற் கொட்டிப் படம் பிடித்தனர். பிடித்து முடிந்ததும் கூட்டி அள்ளி அடுத்த காட்சிக்கு எடுத்துச் சென்றனர். கொலைஞனுடைய முகமூடி 2 டொலருக்கும் குறைந்த விலைக்கு ஒரு கடையில் வாங்கியது. அது விண்வெளித் தொடரொன்றில் வரும் கப்பற்றலைவன் ஒருவனுடைய முகம். அதன் புருவத்தை நீக்கி, கண்துளைகளை அகலமாக்கி, முழுவதற்கும் வெள்ளை பூசினர். அவ்வளவில் ஒரு நல்ல மனிதனின் முகம் எவருடைய முகமும் அல்லாததாகிவிட்டது. படத்தின் பெயர்ப்பட்டியலிலும் முகமூடி அணிந்து வரும் கொலைஞனை அவன் பெயராற் குறிக்கவில்லை. 'உருவம்' என்றே குறித்தனர்.

இசை சேராத நிலையிற் படத்தைப் பார்த்த பட நிறுவன அதிகாரி ஒருவர் தமக்கு அச்சம் சிறிதும் தோன்றவில்லை என்று கூறினாராம். இயக்குநரே பின்னர் எழுதியிருக்கிறார். போலின் கேல் என்னும் புகழ்வாய்ந்த திறனாய்வாளர் படத்தை இகழ்ந்து எழுதினார். றொஜர் ஈபேட் தம்மிடமிருந்த நான்கு நட்சத்திரங்களையும் அதற்கு வழங்கினார். 2006 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கத்தக்க படங்களின் வரிசையில் அதனைச் சேர்த்தது. இலை கூட்டி அள்ளியவர்கள் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படத்தின் தொடக்கத்தை வாசகர் கருத்திற் கொள்ளவேண்டும். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கோமாளி முகமூடியை அணிகிறான். அக்கணம் முதல் திரை முழுவதும் இருளாகி, இரண்டு துளைகள் மாத்திரம் தெரிகின்றன. அத்துளைகளினூடாகவே நாம் அவனுடைய தமக்கையின் கொலையைக் காண்கிறோம். கொலைஞனை நாம் காணவில்லை. அவன் கண்ணால் நாம் காண்கிறோம். பின்னர் தந்தை வந்து முகமூடியைக் கழற்றுகிறார். அங்கே இருப்பது குழந்தை முகம். அப்பொழுதுதான் முதுகு சில்லிடுகிறது.

இந்த இரண்டு துளைகளைப் பற்றி அமெரிக்காவில் நிகழ்ந்த வழக்கு, நம் தமிழ் வகுப்பறைக்கு அந்நியமானதன்று. 1980 இல் ஈபேட்டும் அவருடைய தோழர் ஜீன் சிஸ்கலும் தொலைக்காட்சியிலே தோன்றி, 'ஹலோவீனை'ப் பின்பற்றி எழுந்த மலிவுப் படங்களைக் கடுமையாகக் கண்டித்தனர். படப்பெட்டி கொலைஞன் இருக்குமிடத்தில் இருக்கிறது. பார்ப்போன் கொலைஞனோடு சேர்ந்து பெண்ணைத் துரத்துகிறான். இது தீது என்பது அவர்கள் வாதம். 'ஹலோவீனை' மாத்திரம் அவர்கள் விலக்கினர். அதிலே நம் உள்ளம் பெண்ணின் பக்கம் நிற்கிறது என்றனர். பின்னர்க் கரோல் குளோவர் என்னும் பேராசிரியை ஒரு கட்டுரையும், 1992 இல் ஒரு நூலும் எழுதி, இவ்வகைப் படங்கள் பலவற்றில் ஆண்பிள்ளைகளே எஞ்சி நிற்கும் அந்த ஒருத்தியோடு ஒன்றிப்போகின்றனர், அவள் அச்சமே அவர்கள் அச்சம் என்று நிறுவ முயன்றார். இவ்வம்மையார் வடநாட்டுப் பழைய இலக்கியம் கற்பித்தவர். பழைய ஏடு படிப்போர் புதிய படம் பார்க்கக் கூடாது என்று என்னை ஏளனஞ் செய்யும் நண்பர்களுக்காக இதனைச் சொல்லிவைக்கிறேன்.

செயிற்றியம் என்ற பழைய நாடகநூல் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் கருத்தொன்றை இளம்பூரணர் மெய்ப்பாட்டியல் உரையிலே எடுத்துக்காட்டுகிறார். அரங்கில் ஒருவனிடத்து நிகழ்ந்தது காண்போனைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அக்கருத்து. சரி, அரங்கிலே இருவர் நிற்கின்றனர். ஒருவன் கத்தி ஏந்தியவன். ஒருத்தி அஞ்சி ஒடுங்கியவள். காண்போனைச் சென்று சேர்வது இருவருள் எவருடைய உணர்வு? ஈபேட்டும் குளோவரும் இட்ட வழக்கு இதுவே.

ஆனால் நம் மாணவன் கேட்ட வினா இவ்விரண்டிலும் அடங்காது. அவன் முகமூடிக்குப் பின்னாலும் நிற்கவில்லை, முன்னாலும் நிற்கவில்லை. பக்கத்திலே நின்று 'ஏன்?' என்று கேட்கிறான். இவ்வழக்கத்தை அவனுக்குப் பழக்கியது நம் தமிழ்த்திரையே எனலாம். 'ஹலோவீன்' வெளிவந்த அதே ஒக்டோபரில், மூன்று நாள் பிந்தி, பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளிவந்தது. அங்கே கொலைஞனுக்கு முகமூடி இல்லை. கமல்ஹாசனுடைய அழகிய முகமே இருந்தது. 1980 இல் 'மூடுபனி' வந்தது. அதனை இயக்கிய பாலு மகேந்திரா எங்கள் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்தவர். அதிலும் கொலைஞன் முகம் திறந்தவன். பார்த்தால் இரங்கத் தோன்றும் இளைஞன். 2018 இல் ராம்குமார் இயக்கிய 'ராட்சசன்' படத்திலே கொலைஞன் மாறுவேடம் பூண்டு மறைகிறான். மூன்றிலும் கொலைஞனுக்கு ஒரு பிள்ளைப்பருவக் கதை உண்டு. பழைய இரண்டிலும் அச்சிறுவன் கண்ட கொடுமைக்கு யாரோ ஒரு பெண் காரணமாகிறாள். 'ராட்சசனி'ல் பள்ளியிற் பட்ட அவமானம் காரணமாகிறது. தமிழ்ப்படம் கொலையைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அதற்குக் கணக்கும் காட்டிவிடுகிறது. இக்கணக்கு எனக்கு உவப்பானதன்று. கொல்லப்படுவோரும் பெண்கள், கொலைக்குக் காரணமும் பெண்கள் என்றால், வழக்கிலே வாதியும் இல்லை, சாட்சியும் இல்லை. அதனினும் அமெரிக்கனுடைய காரணமின்மை நேர்மையானது.

இனி, மலிவு என்பதைப் பற்றி ஒருசொல். மலிவு குற்றமன்று, முன்னே கண்டோம். ஆயினும் மலிவுப் படங்கள் யாவும் 'ஹலோவீன்' ஆகிவிடா. ஏ. ஏ. மில்ன் 1926 இல் எழுதிய குழந்தைக் கதையிலே பூ என்றொரு கரடி வரும். உலகமெங்கும் குழந்தைகள் நேசித்த கரடி அது. 2022 சனவரி 1 இல் அந்நூலின் அமெரிக்கப் பதிப்புரிமை தீர்ந்தது. உடனே ஒரு சிறு குழு அக்கரடியின் முகமூடியைக் கொலைஞனுக்கு மாட்டி, ஓர் இலட்சம் டொலரும் செலவிடாமற் பத்து நாளிலே ஒரு படத்தை முடித்துவிட்டது. 2023 இல் அது திரையேறியது. செலவைப்போற் பன்மடங்கு ஈட்டியது. பார்த்தவரோ பழித்தனர். 2024 மார்ச்சில், ஆண்டின் இழிந்த படங்களுக்கு வழங்கும் 'ராஸி' விருதுகளுள் ஐந்தை அதற்கே கொடுத்தனர். அதே மாதத்தில் இரண்டாம் பாகமும் வெளிவந்தது! பழிப்பும் ஒருவகை விளம்பரமே போலும். புளோரிடாவிலே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்தம் ஆசிரியர் இப்படத்தை வகுப்பிலே போட்டுக்காட்டியதாக 2023 ஒக்டோபரிற் செய்தி வந்தது. கரடிக்கதை என்று நம்பிப் பிள்ளைகளே அதனைத் தெரிந்தெடுத்தனராம். அங்கே முகமூடி கொலைஞன் முகத்தில் மாத்திரம் இருக்கவில்லை. படத்தின் பெயரிலேயே இருந்தது.

இப்பொழுது மெய்ப்பாட்டியலுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். ஒவ்வொன்றும் நந்நான்கு இடத்திற் பிறக்கும் என்றார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. அணங்கு என்பதிலே பேய் பூதங்களோடு இடியொலி முதலியவற்றையும் உரையாசிரியர் அடக்குவர். இவ்விடத்தைக் கற்பிக்கும்போது, 2004 டிசெம்பர் 26 இல் வந்த கடலை இந்நான்கனுள் எதிலே சேர்ப்பது என்று பெரியகல்லாற்றுப் பிள்ளைகள் கேட்பர். கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக வாழும் ஊரிலே இது கேட்கப்படவேண்டிய வினாத்தான். இடியைச் சேர்த்த இடத்திற் கடலையும் சேர்க்கலாம் என்று கூறுவேன். கள்வர் என்பார் தீத்தொழில் புரிவோர். இறை என்பதற்குத் தந்தையரையும் ஆசிரியரையும் அரசரையும் பொருளாகக் காட்டுகிறார் பேராசிரியர்.

'ஹலோவீன்' உருவத்தை இந்நான்கனுள் வைத்துப் பாருங்கள். கத்தியாற் கள்வன். சுட்டாலும் விழுந்து மறைந்துவிடுவதால் அணங்கு. இரண்டும் கலந்தவன், அக்கலப்பே அப்படத்தின் வலிமை. ஆனால் இறை அங்கே இல்லை. ஊர்ப் பொலிஸ் அதிகாரி அவனைத் தேடுகிறார். வைத்தியர் அவனைச் சுடுகிறார். அதிகாரம் முழுவதும் முகமூடிக்கு எதிரே நிற்கிறது.

'ராட்சசன்' பார்த்த மாணவியர் கூறிய கருத்தொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அதிலே இன்பராஜ் என்றோர் ஆசிரியப் பாத்திரம் உண்டு. தன்னிடம் படிக்கும் சிறுமியரிடம் கைநீட்டும் கயவன். வேடமிட்ட கொலைஞனைக் காட்டிலும் அவனைக் காணத்தான் தமக்கு நடுங்கியது என்றனர். அவர்களுக்குப் பேராசிரியர் உரை அப்பொழுது தெரியாது. ஆசிரியனை அச்சம் பிறக்குமிடத்திலே அவ்வுரை வைத்திருக்கிறது என்று கூறியபோது, வகுப்பு சிறிது நேரம் பேச்சற்றிருந்தது. வெண்கட்டி பிடித்த என் கையை நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

என் வயதை ஒத்த ஆசிரிய நண்பர் ஒருவரோடு அமர்ந்து 'ஹலோவீனை' மறுபடி பார்த்தேன். வெள்ளை முகமூடிக்காரன் பட்டப்பகலிலே தெருவோர வேலியருகில் அசையாது நிற்கும் காட்சி வந்தது. நண்பர் அஞ்சவில்லை, சிரித்தார். "மாஸ்டர், முகமூடிக்காரன் தனிய வரமாட்டான். பக்கத்தில ஆக்கள் நிப்பாங்க" என்றார். சிறிது நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்.

இளைய வாசகர்க்கு இதனை விளக்கவேண்டும். போர்க்காலத்துச் சுற்றிவளைப்புகளிலே, ஊராரைப் பாடசாலை மைதானத்திலோ கோயில் வெளியிலோ கூட்டுவர். ஒரு வாகனத்தினுள்ளோ கதிரையிலோ ஒருவன் இருப்பான். தலையிற் சாக்கு மூடியிருக்கும். கண்ணுக்கு இரண்டு துளை. அவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் நடந்தவன் அப்பால் நிறுத்தப்படுவான். அவனைத் 'தலையாட்டி' என்றோம். இந்திய அமைதிப்படை இருந்த நாளிலும் தலையாட்டி இருந்தான், அதற்கு முன்னும் இருந்தான், பின்னும் இருந்தான். 1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து அகதி முகாமிலே மக்களை வயதுவாரியாக வரிசைப்படுத்தி, முகம் மறைத்தோர் முன்னால் நடத்தினர் என்பது தப்பியவர்கள் சாட்சியம். அன்று 158 பேர் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை.

திரைப்படத்து முகமூடிக்கும் எங்கள் முகமூடிக்கும் உள்ள வேற்றுமை இதிலே தெரியும். அங்கே முகமூடி அணிந்தவன் எவரென்று அறியமுடியாத 'உருவம்'. இங்கே முகமூடி இட்டதே அவன் முகம் எங்களுக்குத் தெரிந்த முகம் என்பதனால். அடுத்த தெருவான், உடன் படித்தவன், சிலவேளை உறவினன். அடிபட்டு, உயிர்க்கு அஞ்சி, அங்கே கொண்டுவந்து இருத்தப்பட்டவன். அவன் பக்கத்திலே நின்றது இறை. ஆகவே அச்சாக்கிற்கு வெளியே நின்றவர்க்கும் அச்சம். உள்ளே இருந்தவனுக்கும் அச்சம். எவருடைய உணர்வு காண்போனைச் சேர்கிறது என்ற பழைய வழக்கு இவ்விடத்திற் பொருளற்றுப் போகிறது.

2011 ஓகஸ்டிலே இதனை நாடு முழுவதும் கண்டது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவிற் பெண்களைத் தாக்குவதாகக் கிழக்கிலும் மலையகத்திலும் வடக்கிலும் பேச்சுப் பரவியது. 'கிறீஸ் பூதம்' என்றனர். எங்கள் ஊரிலும் அம்மாதம் விளக்கு வைத்ததும் கதவுகள் சாத்தப்பட்டன. ஆண்கள் தடியோடு காவலிருந்தனர். பெயரிலே பூதம் இருந்தது. ஆனால் ஒருவரும் பேயோட்டுவாரைத் தேடவில்லை. பல ஊர்களில் மக்கள் துரத்திச் சென்று நின்ற இடம் முகாம் வாயில். மர்ம மனிதன் உள்ளே ஓடி மறைந்தான் என்பது மக்கள் சொல். அவ்வாறு ஒருவருமில்லை என்பது அதிகாரிகள் சொல். புத்தளத்திற் கூட்டத்தார் ஒரு பொலிஸ்காரரைக் கொன்றனர். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் இராணுவத்தினர் இரவிலே வீடுகளிற் புகுந்து நூறு பேரளவிற் பிடித்துச் சென்றனர். வதந்தி என்று இதனை ஒரு சொல்லில் முடித்தோர் உண்டு. வதந்தியும் ஒரு கதையே. பார்த்தோர் கருத்தும் அதனுள்ளேயே இருக்கும். அணங்கென்று பெயரிட்டு, இறையென்று கொண்டனர் மக்கள். அவர்கள் பாகுபாட்டில் நான் பிழை காணவில்லை. கண்ணிலே பட்ட ஒருவரைக் கொன்றது வேறு. அதற்கு எந்த மெய்ப்பாடும் நியாயமாகாது.

சென்ற தவணையில், தலையாட்டி என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுமாறு வகுப்பிலே கேட்டேன். தஞ்சாவூர்ப் பொம்மை என்று எழுதினாள் ஒரு மாணவி. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டிலே கைக்குழந்தையாயிருந்தவள் அவள். அகராதிப்படி விடை சரி, புள்ளி இட்டேன். மற்றைப் பொருளை அவள் வீட்டில் எவரும் சொல்லியிருக்கவில்லை. முகமூடிப் படம் பார்த்துக் 'காரணம் சொல்லவில்லையே' என்று குறைபடும் தலைமுறை இதுதான். பிள்ளைகள் காரணம் கேட்பது நற்பழக்கம். வீட்டிலே பெரியோர் எழுந்து வெளியே போய்விடுவதால், அவ்வினாவை அமெரிக்கப் படத்திடம் கேட்கிறார்கள். அப்படத்திலே விடை இல்லை. அதனிடம் இருக்கவும் வேண்டியதில்லை.

இப்படங்களைப் பாடசாலைப் பிள்ளைகள் பாராதபடி தடுக்கவேண்டும் என்று ஆசிரியர் சிலர் கூறுகின்றனர். கைப்பேசியை எவ்வாறு தடுப்பது என்பது எனக்கு விளங்கவில்லை. அதுபற்றி விவாதிக்கவும் விருப்பமில்லை. எனக்கு வேறொரு குறை. முகமூடியின் இரண்டு துளைகளூடாக உலகத்தைக் காட்டிய அமெரிக்கப் படத்தை யாவரும் அறிவர். சாக்கின் இரண்டு துளைகளூடாக, தனக்குத் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக நடந்து வருவதைக் கண்டவன் என்ன கண்டான் என்பதைக் காட்டிய படம் எதனையும் நான் கண்டதில்லை. அமிர்தகழியிற் பிறந்தவர் எடுத்திருக்கக்கூடும். அவர் 2014 இல் மறைந்துவிட்டார். கைப்பேசியாற் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் எங்கள் வாவிக்கரையிலும் இருக்கின்றனர். இதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு சாக்கு, ஒரு கதிரை. மைதானம் எந்தப் பாடசாலையிலும் உண்டு.